பேரடைக் கொத்து எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது? வடிவத்தையும் சுற்றத்தையும் நீங்களே அளக்க ஒரு வழிகாட்டி

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கும் மாதங்களில் வானியலில் உருப்படியாக ஏதாவது செய்து பார்க்க நினைக்கும் மட்டக்களப்பு, அம்பாறை மாணவர்களுக்காக எழுதப்பட்டது இது. தொலைநோக்கி தேவையில்லை. இணைந்த கணிதத்தில் படித்த திரிகோணகணிதமும், பௌதிகவியலில் படித்த சடத்துவத் திருப்பமும், எக்செல் திறக்கக்கூடிய ஒரு கணினியும் இருந்தால் போதும். கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவமழை வானத்தை மூடியிருக்கும்போதும் இந்த வேலை நடக்கும்.

செய்யப் போவது இதுதான்: ஒரு பேரடைக் கொத்தை எடுத்து, அது எவ்வளவு நீண்டிருக்கிறது, எந்தத் திசையில் நீண்டிருக்கிறது என்று அளக்கிறோம். பிறகு, அந்தத் திசையில் அதன் அயற்கொத்து இருக்கிறதா என்று பார்க்கிறோம். கேட்க இலகுவாக இருக்கும். ஆனால் புதிதாகச் செய்பவர்களின் கையில் முதலில் கிடைப்பது பெரும்பாலும் கொத்தின் வடிவம் அல்ல, தாங்கள் வெட்டிய வட்டத்தின் வடிவமும் தாங்கள் விட்ட கணக்குப் பிழையின் வடிவமும்தான். அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் பொய் நீட்சியைக் களைவது பற்றியே இருக்கும்.

ஏன் நீள்கிறது?

பேரடைக் கொத்து என்பது நூற்றுக்கணக்கான, சிலவேளை ஆயிரத்துக்கு மேற்பட்ட விண்மீன் பேரடைகள் ஈர்ப்பினால் கட்டுண்டு கிடக்கும் கூட்டம். திணிவு சூரியனைப் போல 10^14 முதல் 10^15 மடங்கு. அதில் பெரும்பங்கு ஒளி விடாத கரும்பொருள். அடுத்தது பல கோடி பாகை வெப்பநிலையில் இருக்கும் வாயு. விண்மீன்களின் பங்கு சில சதவீதந்தான்.

ஈர்ப்பு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இழுக்கும், ஆகவே கொத்து உருண்டையாக இருக்க வேண்டும் என்று நினைக்கத் தோன்றும். அப்படி நடப்பதில்லை. கொத்து உருவாகும் பிரதேசத்தைச் சுற்றியுள்ள பொருள் ஒரு பக்கம் செறிந்தும் ஒரு பக்கம் ஐதாகவும் கிடப்பதால் இழுவை திசைக்குத் திசை வேறுபடுகிறது. கடலில் வற்றுப்பெருக்கை உண்டாக்குவதும் இதே வகை இழுவை வேறுபாடுதான். 1970 இல் சோவியத் பௌதிகவியலாளர் செல்டோவிச் காட்டியபடி, பொருள் முதலில் ஓர் அச்சின் வழியே அமுங்கித் தகடாகிறது, பிறகு இன்னோர் அச்சில் அமுங்கி இழையாகிறது, கடைசியாகத்தான் மூன்றாவது அச்சில் ஒடுங்கிக் கொத்தாகிறது. கடைசியாக ஒடுங்கிய அச்சே கொத்தின் நீண்ட அச்சாக மிஞ்சுகிறது. அது இழை போகும் திசை. அதற்குப் பிறகும் புதிய பேரடைகளும் சிறு குழுக்களும் அந்த இழை வழியாகவே வந்து விழுகின்றன.

காத்தான்குடியிலிருந்து கல்முனை வரை எழுவான்கரை ஊர்களின் வரைபடத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவே ஒரு நெடுஞ்சாலை. ஊர்கள் எல்லாம் சாலை போகும் போக்கில் நீண்டு, ஒன்றையொன்று நோக்கியபடி கிடக்கின்றன. கொத்தும் இழையும் அப்படித்தான்.

நீண்டது ஏன் காலப்போக்கில் உருண்டையாகிவிடவில்லை? ஒரு மெகாபார்செக் (ஏறத்தாழ 32.6 இலட்சம் ஒளியாண்டு) தூரத்தை வினாடிக்கு 1000 கிலோமீற்றர் வேகத்தில் கடக்க ஏறத்தாழ 100 கோடி ஆண்டு செல்லும். கொத்தின் ஆரை 2 மெகாபார்செக் என்றால் ஒரு பேரடை விளிம்பிலிருந்து மையத்துக்கு வரவே 200 கோடி ஆண்டு வேண்டும். அகிலத்தின் வயதோ 1380 கோடி ஆண்டு. வந்து சேர்ந்த திசையை மறக்க அதற்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை. திணிவு கூடிய கொத்துகள் பிந்தி உருவானவை என்பதால் அவையே அதிகம் நீண்டிருக்கின்றன.

1982 இல் வானியலாளர் புருனோ பிங்கெலி, பேரடைக் கொத்துகளைத் தொகுத்த ஏபெல் பட்டியலிலுள்ள கொத்துகளை அளந்து, அவற்றின் நீண்ட அச்சு மிக அருகிலுள்ள அயற்கொத்தை நோக்கிச் சாய்கிறது என்று காட்டினார். உட்குழுக்கள் அதிகம் கொண்ட கொத்துகள் அயலோடு கூடுதலாக ஒழுங்குபட்டிருக்கின்றன, அவை செறிந்த சுற்றத்திலேயே அதிகம் காணப்படுகின்றன என்று 2002 இல் பிளியோனிஸும் பசிலாக்கோஸும் காட்டினார்கள். எங்கள் கணிப்பில், திசை பற்றிய முடிவு உறுதியானது. செறிவுக்கும் நீட்சியின் அளவுக்கும் உள்ள தொடர்பு அதைவிட நொய்தானது. புதியவர்கள் திசையிலிருந்து தொடங்குவதே நல்லது.

எதில் தொடங்குவது?

கோமா கொத்தில் தொடங்குங்கள். ஏபெல் பட்டியலில் அதன் இலக்கம் 1656. மையம் வல ஏற்றம் (வானத்தின் நெடுங்கோடு போன்றது) 194.95 பாகை, நடுவரை விலக்கம் (வானத்தின் அகலக்கோடு போன்றது) +27.98 பாகை. செம்பெயர்ச்சி (ஒளியின் அலைநீளம் சிவப்புப் பக்கம் நீண்டிருக்கும் அளவு) 0.023, அதாவது பின்வாங்கும் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 6900 கிலோமீற்றர். அகில விரிவின் வீதத்தைச் சொல்லும் அபிள் மாறிலியை 70 (ஒரு மெகாபார்செக்குக்கு வினாடிக்கு 70 கிலோமீற்றர்) என்று எடுத்தால் தூரம் 100 மெகாபார்செக்குக்குச் சற்றுக் குறைவு, 32 கோடி ஒளியாண்டு. அந்தத் தூரத்தில் வானத்தில் 1 பாகை என்பது 1.7 மெகாபார்செக். இந்தக் கடைசி எண்ணை எழுதி ஒட்டி வையுங்கள்; ஒவ்வொரு படியிலும் வேண்டும்.

அருகில் இருக்கிறதே என்று கன்னிக் கொத்தில் கைவைக்க வேண்டாம். 5.4 கோடி ஒளியாண்டில் இருக்கும் அது வானத்தில் பல பாகைக்குப் பரந்து கிடக்கிறது. அதன் பேரடைகளின் சொந்த ஓட்டம் அகில விரிவின் வேகத்தோடு போட்டி போடும் அளவுக்குப் பெரியது. எம்86 பேரடை வினாடிக்கு 200 கிலோமீற்றருக்கு மேலான வேகத்தில் எங்களை நோக்கியே வருகிறது. போதாததற்கு அந்தக் கொத்து நாம் பார்க்கும் கோட்டின் வழியே நீண்டிருக்கிறது; வானத்தில் தெரியும் நீட்சி அதன் உண்மையான நீட்சி அல்ல.

தரவை எடுத்தல்

ஸ்லோன் விண் அளவாய்வின் ஸ்கைசேர்வர் தளத்தில் தரவு இலவசம். கோமா மையத்தைச் சுற்றி 3 பாகை ஆரையில், நிறமாலை எடுக்கப்பட்ட பேரடைகளை மட்டும் கேளுங்கள். செம்பெயர்ச்சி 0.0133 முதல் 0.0333 வரை, அதாவது வினாடிக்கு 4000 முதல் 10,000 கிலோமீற்றர் வரை. தேவையான நிரல்கள் நான்கு: வல ஏற்றம், நடுவரை விலக்கம், செம்பெயர்ச்சி, அந்த அளவில் சந்தேகம் உண்டா என்று சொல்லும் எச்சரிக்கைக் கொடி (zWarning). கொடி பூச்சியமாக உள்ளவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். படங்களை இறக்க வேண்டாம். இந்தப் பட்டியல் ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கும். கைப்பேசி டேட்டாவிலேயே எடுக்கலாம்.

எக்செல், லிப்ரே ஒஃபிஸ் இரண்டில் எதுவும் முதல் கொத்துக்குப் போதும். பட்டியலைப் புள்ளிப்படமாகப் பார்க்க டொப்கட் என்ற இலவச மென்பொருள் மிக நல்லது. ஜாவா இருந்தால் பழைய மடிக்கணினியிலும் ஓடும். பைதன் தெரிந்தவர்கள் கூகுள் கொலாப்பில் அஸ்ட்ரோபை நூலகத்தோடு செய்யலாம், கைப்பேசி உலாவியிலும் அது திறக்கும். ஆனால் முதல் தடவை அட்டவணையில் கைக்கணக்காகச் செய்துவிட்டுப் பைதனுக்குப் போங்கள். தயாராகக் கிடைக்கும் கட்டளை தவறான விடையையும் அதே மிடுக்கோடு தரும்.

தரவில் இரண்டு ஓட்டைகள் உண்டு. இந்தத் தரவு எடுக்கப்பட்டபோது ஸ்லோன் கருவியில் ஒரே தட்டில் இரண்டு ஒளியிழைகளை (ஒரு பேரடைக்கு ஒன்று) 55 விகலையை விட நெருக்கி வைக்க முடியவில்லை; ஒரு விகலை என்பது பாகையின் 3600 இல் ஒரு பங்கு. அதனால் கொத்தின் நெரிசலான நடுப்பகுதியில் சில பேரடைகளுக்கு நிறமாலை இல்லாமல் போகும். மிகப் பிரகாசமானவையும் சில விடுபடும், ஏனென்றால் அவற்றின் ஒளி பக்கத்து இழைகளின் நிறமாலையில் கசியும் என்று அவற்றை ஒதுக்கிவிட்டார்கள். கோமாவின் இரு பெரும் பேரடைகளான என்ஜிசி 4874, என்ஜிசி 4889 உங்கள் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நாசாவின் நெட் (NED) என்ற பேரடைத் தரவுத்தளத்திலிருந்து எடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உறுப்பினரைப் பிரித்தல்

வேகங்களின் சராசரியையும் நியம விலகலையும் கணியுங்கள். சராசரியிலிருந்து நியம விலகலின் 3 மடங்குக்கு அப்பால் உள்ளவற்றை நீக்குங்கள். மீண்டும் கணியுங்கள். எண்ணிக்கை மாறாமல் நிற்கும் வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். பொதுவாக நாலைந்து சுற்றில் நின்றுவிடும். கோமாவுக்கு நியம விலகல் வினாடிக்கு 1000 கிலோமீற்றரை அண்டி வர வேண்டும். 1500 வந்தால் பின்புலப் பேரடைகள் உள்ளே இருக்கின்றன. 600 வந்தால் ஒரு உட்குழுவை மட்டும் பிடித்துக்கொண்டீர்கள்.

செம்பெயர்ச்சியை அப்படியே தூரமாக மாற்றி முப்பரிமாணப் படம் வரையும் ஆசை எல்லோருக்கும் வரும். அந்தப் படத்தில் கொத்து பூமியை நோக்கி நீட்டிய விரல் போலத் தெரியும். 1000 கிலோமீற்றர் வேகப் பரம்பலை 70 ஆல் வகுத்தால் 14 மெகாபார்செக் வருகிறது அல்லவா? கொத்தின் உண்மையான ஆரையைவிட அது பல மடங்கு. அந்த விரல் வேகத்தால் வந்தது, இடத்தால் அல்ல. கொத்துக்குள்ளே வடிவம் அளக்க வானத்தில் தெரியும் இரு பரிமாணங்களை மட்டும் பயன்படுத்துங்கள்.

தட்டையாக்கல்: பெரும்பாலானோர் வழுக்கும் இடம்

ஒவ்வொரு பேரடைக்கும் இரண்டு எண்கள் வேண்டும்.

கி = (பேரடையின் வல ஏற்றம் − மைய வல ஏற்றம்) × கோசைன்(மைய நடுவரை விலக்கம்)
வ = பேரடையின் நடுவரை விலக்கம் − மைய நடுவரை விலக்கம்

கி கிழக்குத் தூரம், வ வடக்குத் தூரம், இரண்டும் பாகையில். அந்தக் கோசைனை விட்டால் என்ன ஆகும்? கோசைன் 28° = 0.883. கிழக்கு மேற்குத் தூரம் எல்லாம் 13 சதவீதம் கூடிவிடும். முழு வட்டமான கொத்தும் 0.12 நீட்சியோடு, சரியாகக் கிழக்கு மேற்காகப் படுத்திருப்பது போல வரும். பல கொத்துகளைச் சேர்த்து ஆராயும்போது எல்லாமே கிழக்கு மேற்காக ஒழுங்குபட்டிருக்கின்றன என்று "கண்டுபிடிப்பு" வந்தால், முதலில் இந்தக் கோசைனைத் தேடுங்கள்.

அட்டவணை மென்பொருள் கோணத்தை ஆரையனில்தான் எடுக்கும். பாகையை அப்படியே கொடுத்தால் கோசைன் −0.96 என்று வரும். நீளங்கள் ஏறத்தாழ சரியாகவே தெரியும், ஆனால் படம் கிழக்கு மேற்காகப் புரண்டிருக்கும். நீட்சியின் அளவில் பெரிய வித்தியாசம் தெரியாததால் இந்தப் பிழை நீண்ட நாள் ஒளிந்திருக்கும். சோதிக்க ஒரு வழி: என்ஜிசி 4839 பேரடை மையத்துக்குத் தென்மேற்கே இருக்க வேண்டும். அதாவது கி, வ இரண்டும் மறைப்பெறுமானமாக வர வேண்டும்.

வடிவத்தைக் கணித்தல்

முதலில் மையத்திலிருந்து 1 பாகை ஆரையுள்ள வட்டத்துக்குள் இருப்பவற்றை எடுங்கள். கி, வ இரண்டின் சராசரியையும் கழித்து மையத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். பிறகு மூன்று சராசரிகள்:

அ = கி² இன் சராசரி
ஆ = வ² இன் சராசரி
இ = கி × வ இன் சராசரி

இது சடத்துவத் திருப்பக் கணக்கின் தம்பிதான். திணிவுக்குப் பதிலாக ஒவ்வொரு பேரடைக்கும் 1 என்று நிறை கொடுக்கிறோம். இனி,

பெரிய திருப்பம் = (அ+ஆ)/2 + √[((அ−ஆ)/2)² + இ²]
சிறிய திருப்பம் = (அ+ஆ)/2 − √[((அ−ஆ)/2)² + இ²]

சிறியதைப் பெரியதால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் அச்சு விகிதம். 1 இலிருந்து அதைக் கழித்தால் நீட்சி. பயிற்சிக்கு ஒரு கணக்கு: அ = 0.30, ஆ = 0.20, இ = 0.06 என்று வைத்துக்கொள்வோம். பாதிக் கூட்டுத்தொகை 0.25. வர்க்கமூலம் 0.078. ஆகவே பெரியது 0.328, சிறியது 0.172. விகிதம் 0.724, நீட்சி 0.276.

திசைக்கோணத்தை வானியலில் வடக்கிலிருந்து கிழக்கு நோக்கி அளப்பார்கள். அதன் இருமடங்கின் தான்சன் = 2இ / (ஆ−அ). மேலே உள்ள எண்களுக்கு 0.12 / (−0.10). இங்கே நேர்மாறு தான்சனை வெறுமனே எடுத்தால் கால்வட்டம் தவறும். ஏடான்2 (ATAN2) என்ற சார்பையே பயன்படுத்துங்கள். அதிலும் ஒரு பொறி இருக்கிறது: எக்செல்லும் லிப்ரே ஒஃபிஸும் முதலில் கிடை எண்ணைக் (ஆ−அ) கேட்கும், பைதன் முதலில் நிலைக்குத்து எண்ணைக் (2இ) கேட்கும். சரியாகக் கொடுத்தால் இருமடங்கு 129.8 பாகை, திசைக்கோணம் 65 பாகை. மாற்றிக் கொடுத்தால் −20, அதாவது 160 பாகை வரும். இரண்டும் பார்வைக்கு நியாயமான விடைகள்தான், அதுதான் ஆபத்து. மையத்துக்கு நேர் கிழக்கிலும் நேர் மேற்கிலும் இரண்டு போலிப் புள்ளிகளை மட்டும் வைத்து ஓட்டிப் பாருங்கள். 90 பாகை வராவிட்டால் எங்கோ பிசகு.

வட்டத்தை விட்டு நீள்வளையத்துக்குப் போதல்

வட்டத்துக்குள் மட்டும் எண்ணினால் நீண்ட பக்கத்தின் இரு நுனிகளையும் வெட்டியெறிந்துவிடுகிறீர்கள். விடை எப்போதும் உண்மையைவிட உருண்டையாகவே வரும். ஆகவே முதல் விடையைக் கொண்டு ஒரு நீள்வளையம் போட்டு மீண்டும் எண்ண வேண்டும்.

நெ = கி × சைன்(திசைக்கோணம்) + வ × கோசைன்(திசைக்கோணம்)
கு = வ × சைன்(திசைக்கோணம்) − கி × கோசைன்(திசைக்கோணம்)

நெ நீண்ட அச்சின் வழியே உள்ள தூரம், கு அதற்குக் குறுக்கே உள்ளது. அச்சு விகிதத்தால் நெ² ஐப் பெருக்கி, கு² ஐ அதே விகிதத்தால் வகுத்து, கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். அது 1 பாகைக்குள் இருப்பவை உள்ளே. இப்படிச் செய்தால் பரப்பளவு மாறாமல் வடிவம் மட்டும் மாறும். புதிய உறுப்பினரோடு மீண்டும் அ, ஆ, இ. விகிதம் 1 சதவீதத்துக்குக் குறைவாக மாறும் வரை தொடருங்கள். வழமையாகப் பத்து, பதினைந்து சுற்று போதும். நிற்காமல் ஒடுங்கிக்கொண்டே போய் ஓர் ஊசி போல ஆகிவிட்டால், உறுப்பினர் எண்ணிக்கை போதாது என்று அர்த்தம். 30 க்குக் குறைந்த பேரடைகளோடு இந்தச் சுற்றுமுறையைத் தொடவே வேண்டாம்.

பொய் நீட்சி

இந்த வேலையின் உயிர்நாடி இந்தப் பகுதிதான். முழு வட்டமான ஒரு கொத்திலிருந்து எழுமாறாகச் சில பேரடைகளை எடுத்து அளந்தாலும் நீட்சி பூச்சியம் வராது. அச்சு விகிதம் 1 ஐத் தாண்ட முடியாது என்பதால் பிழை எல்லாம் ஒரே பக்கம் விழுகிறது. நடுவில் செறிந்து வெளியே ஐதாகும் வழமையான கொத்துக்கு, பொய் நீட்சியின் சராசரி ஏறத்தாழ 1.2 ஐ எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தது. 25 பேரடை என்றால் 0.24. 100 என்றால் 0.12. 400 என்றால் 0.06. கொத்துகளின் வழமையான நீட்சியே 0.2 முதல் 0.4 வரைதான். அப்படியானால் 25 பேரடைகளை வைத்து "நீட்சி 0.25" என்று அறிவிப்பவர் எதையும் அளக்கவில்லை.

இதைவிட மோசமான விளைவு ஒன்று உண்டு. ஐதான சுற்றத்தில் இருக்கும் கொத்துகளில் பெரும்பாலும் உறுப்பினர் குறைவு. ஆகவே அவை பொய்யாக அதிகம் நீண்டு தெரியும். சுற்றத்துக்கும் வடிவத்துக்கும் தொடர்பு இருப்பது போல ஓர் அழகான வரைபு வரும். அது வெறும் எண்ணிக்கையின் விளையாட்டு.

மருந்து இலகுவானது. ஒவ்வொரு பேரடையின் மையத் தூரத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, கோணத்தை மட்டும் 0 முதல் 360 வரை எழுமாறாக மாற்றுங்கள். இது ஒரு செயற்கை வட்டக் கொத்து. அதையும் அதே முறையில் அளங்கள். இப்படி 1000 தடவை. உங்கள் உண்மை விடையைவிடப் பெரிய நீட்சி 50 தடவைக்கு மேல் வந்தால், கொத்து நீண்டிருக்கிறது என்று சொல்ல உரிமையில்லை. அட்டவணையில் 1000 தடவை சலிப்பாக இருக்கும், பைதனுக்குப் போக வேண்டிய இடம் இதுதான்.

திசைக்கோணத்துக்கும் பிழை உண்டு. நீட்சி 0.3, பேரடைகள் 100 என்றால் கூட்டியோ குறைத்தோ 8 அல்லது 9 பாகை. பட்டியலிலிருந்து திருப்பி வைத்தபடியே எழுமாறாக அதே எண்ணிக்கையை எடுத்து, ஆயிரம் முறை அளந்து, விடைகள் எவ்வளவு சிதறுகின்றன என்று பார்த்தால் உங்கள் கொத்துக்கான பிழை கிடைக்கும். சராசரி எடுக்கும்போது கவனம்: 179 பாகையும் 1 பாகையும் ஏறத்தாழ ஒரே அச்சு. வெறும் கூட்டல் சராசரி 90 என்று சொல்லிவிடும்.

சுற்றத்தை அளத்தல்

கோமாவின் அயல் ஏபெல் 1367, சிங்கக் கொத்து. வல ஏற்றம் 176.1, நடுவரை விலக்கம் +19.8. இரண்டையும் இழைகளும் சுவர்களுமாக இணைக்கும் அமைப்பு, 1989 இல் கெல்லரும் ஹூக்ராவும் அறிவித்த பெருஞ்சுவரின் பகுதி. கோள மேற்பரப்புத் திரிகோணகணிதத்தின்படி கோமாவிலிருந்து ஏபெல் 1367 க்கு உள்ள கோணத் தூரம் 19 பாகை, ஏறத்தாழ 32 மெகாபார்செக். திசைக்கோணம் 249 பாகை. அச்சுக்கு முன் பின் கிடையாது என்பதால் 180 ஐக் கழித்து 69 பாகை என்று எழுதுகிறோம். இவ்வளவு தூரத்துக்கு மேலே சொன்ன தட்டைக் கணக்கைப் பயன்படுத்தினால் 244 வரும், 5 பாகை பிழை. கொத்துக்குள்ளே தட்டைக் கணக்கு, கொத்திலிருந்து கொத்துக்குக் கோளக் கணக்கு. அஸ்ட்ரோபையில் இதற்குத் தனிக் கட்டளை உண்டு.

கோமாவுக்குள்ளேயே இரண்டு கைக்கணக்குகள் செய்து பாருங்கள். என்ஜிசி 4874 (194.899, 27.959) இலிருந்து என்ஜிசி 4889 (195.034, 27.977) க்கு: கி = 0.135 × 0.883 = 0.119, வ = 0.018. திசைக்கோணம் 81 பாகை. அடுத்து, என்ஜிசி 4874 இலிருந்து என்ஜிசி 4839 (194.351, 27.498) க்கு: தூரம் 0.67 பாகை, திசைக்கோணம் 226, அச்சாக 46 பாகை. என்ஜிசி 4839 தன்னைச் சுற்றி ஒரு குழுவோடு கோமாவுக்குள் விழுந்து கலந்துகொண்டிருக்கும் பேரடை. 46, 69, 81 மூன்றும் ஒரே கால்வட்டத்தில், வடகிழக்கு தென்மேற்காகச் சாய்ந்திருக்கின்றன. கச்சிதமாக ஒன்றின்மேல் ஒன்று விழவில்லை, விழவும் தேவையில்லை. இழைகள் வளைந்து போகின்றன. நாம் பார்ப்பது அவற்றின் நிழலைத்தான்.

இப்போது என்ஜிசி 4839 ஐச் சுற்றி 0.25 பாகைக்குள் இருப்பவற்றை நீக்கிவிட்டுக் கோமாவை மீண்டும் அளங்கள். நீட்சி பெரிதாகச் சரிந்தால், நீங்கள் முன்பு அளந்ததில் ஒரு பகுதி கொத்தின் உடம்பு அல்ல, வந்து கொண்டிருக்கும் விருந்தாளி. இரண்டு விடைகளையும் எழுதுங்கள். உட்குழுவை நீக்கியதுதான் "சுத்தமான" விடை என்ற எண்ணம் வேண்டாம், அந்தக் குழு சுற்றத்தின் சாட்சி.

அயற்கொத்தின் திசையை விட்டுச் சுற்றத்தின் செறிவை அளக்க விரும்பினால், கொத்தின் மையத்திலிருந்து ஐந்தாவது அயற்கொத்து வரையுள்ள தூரத்தை எடுக்கலாம். அல்லது 20 மெகாபார்செக்குக்குள் எத்தனை கொத்துகள் என்று எண்ணலாம். பேரடைகளை வைத்துச் செறிவு அளப்பதானால், கொத்தின் ஆரையைப் போல 2 அல்லது 3 மடங்குக்கு உட்பட்டதைக் கட்டாயம் விலக்குங்கள். இல்லாவிட்டால் வடிவம் அளந்த அதே பேரடைகளைக் கொண்டே சுற்றத்தையும் அளக்கிறீர்கள். தொடர்பு வராமல் எப்படி இருக்கும்?

தொலைவிலுள்ள கொத்துகளில் மங்கலான பேரடைகள் பட்டியலில் வராது. ஸ்லோனின் பிரதான மாதிரியின் எல்லை 17.77 ஆவது பருமன் (பருமன் என்பது பிரகாசத்தின் அளவு; எண் கூடக் கூட மங்கல்). கோமாவின் தூரத்தில் அது, பேரடையின் சொந்தப் பிரகாசத்தைச் சொல்லும் தனிப்பருமனில் −17.2 வரை போகும். செம்பெயர்ச்சி 0.1 இல் −20.5 உடன் நின்றுவிடும். கொத்துகளை ஒப்பிடும்போது மிகத் தொலைவான கொத்தின் எல்லையையே எல்லாவற்றுக்கும் வையுங்கள்.

பல கொத்துகளுக்கு விரித்தல்

ஒரு கொத்து எதையும் நிறுவாது. அடுத்ததாக ஏபெல் 2199, ஏபெல் 2151 இரண்டையும் எடுங்கள். முதலாவது நடுவில் ஒரு பெரும் பேரடையோடு அமைதியாக இருப்பது. இரண்டாவது சுருள் பேரடைகள் நிறைந்து, இன்னும் ஒன்றுசேர்ந்து முடியாதது. இரண்டும் எர்க்குலிசு (Hercules) பிரதேசத்தில், ஸ்லோன் எல்லைக்குள் இருக்கின்றன.

ஒவ்வொரு கொத்துக்கும் அதன் அச்சுக்கும் அயல் திசைக்கும் இடையிலுள்ள கோணத்தை 0 முதல் 90 பாகைக்குள் மடக்கி எழுதுங்கள். தொடர்பே இல்லாவிட்டால் சராசரி 45 ஆகவும் சிதறல் 26 ஆகவும் இருக்கும். 30 கொத்துகளில் சராசரியின் பிழை 4.7 பாகை. அப்போது 41 என்று வந்தால் அது ஒன்றுமில்லை, 33 என்று வந்தால் பேசலாம். 100 கொத்துகளில் பிழை 2.6 ஆகக் குறையும். அளவாய்வின் விளிம்பில் இருக்கும் கொத்துகளை விட்டுவிடுங்கள். அவற்றின் உண்மையான அயல் எல்லைக்கு வெளியே இருக்கலாம்.

நீட்சியின் அளவைச் சுற்றத்தோடு ஒப்பிடும்போது ஒத்த திணிவுள்ள கொத்துகளை மட்டும் ஒப்பிடுங்கள். கனத்த கொத்துகள் இயல்பாகவே அதிகம் நீண்டவை, இயல்பாகவே செறிந்த இடத்தில் இருப்பவை. பிரித்துப் பார்க்காவிட்டால் திணிவின் வேலையைச் சுற்றத்தின் தலையில் கட்டிவிடுவீர்கள். எக்ஸ் கதிர்ப் படங்களில் அளந்த நீட்சியையும் பேரடைகளில் அளந்ததையும் ஒரே நிரலில் கலக்க வேண்டாம். வாயு ஈர்ப்பழுத்தத்தின் போக்கில் பரவுவதால் பொதுவாகக் கூடுதல் உருண்டையாகத் தெரியும்.

சித்திரை, வைகாசியில் வானம் தெளிந்திருக்கும்போது அந்த இடத்தைக் கண்ணாலும் பார்க்கலாம். மே முதல் வாரத்தில் இரவு 10 மணியளவில் கோமா மட்டக்களப்பின் உச்சியிலிருந்து வடக்கே 20 பாகையில் நிற்கும். 8 அங்குலத் தொலைநோக்கியில் இரு பெரும் பேரடைகளும் மங்கிய புகைத்துளிகளாகத் தெரியும், இருகண்நோக்கியில் ஒன்றும் தெரியாது. அதே இரவில் தெற்கே 51 பாகை உயரத்தில் பல கொத்துகள் சேர்ந்த சப்ளி மீகொத்தின் பிரதேசம் ஏறியிருக்கும். அங்கே ஏபெல் 3556, 3558, 3562 மூன்றும் கிழக்கு மேற்காக ஒரே வரிசையில், செம்பெயர்ச்சி 0.048 இல் இருக்கின்றன. ஸ்லோன் அந்தப் பக்கம் போகவில்லை. அவுஸ்திரேலியாவின் சிக்ஸ்டிஎஃப் (6dF) அளவாய்வின் 2009 ஆம் ஆண்டுப் பட்டியலை, வானியல் பட்டியல்களின் களஞ்சியமான விசியர் (VizieR) வழியாக டொப்கட்டில் எடுக்க வேண்டும். நடுவரை விலக்கம் மறைப்பெறுமானமாக இருந்தாலும் கோசைனின் குறி மாறாது, ஆனால் வ கணிக்கும் இடத்தில் கழித்தல் குறியை விட்டுவிடாதீர்கள்.